பதினோராம் அறையின் நீலப் புள்ளி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும், அப்புறம் வாய் கிளம்பும். அந்த வாயால் ஒரு நாட்டில் எனக்கு வேலையே போயிருக்கிறது. அதற்குப் பிறகு போன நாட்டில் ஒன்பது வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இந்த நாட்டிலும் அப்படித்தான், போன மாதம் வரைக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். பதினாறு அறை, பதினாறு பேர். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் எங்கள் வேலை. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன், நாடுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு வருஷமாக யார் எந்த அறைக்குப் போவது என்று டியூட்டி லிஸ்ட் போடுகிற பொறுப்பும் என் தலையில். இங்கே எல்லோரும் என்னை ‘அக்கா’ என்கிறார்கள். முன்பு வேலை பார்த்த நம் பெண் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டுப் போய்விட்டாள். மேனேஜர் அதுதான் என் பெயர் என்று நினைத்துப் பலகையிலும் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. என்னைவிடப் பத்து வயது பெரிய மனிதர் என்னை அக்கா என்று கூப்பிடுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணியாளர் அறைச் சுவரில் தொங்குகிற வெள்ளைப் பலகை. அதில் அறை எண்கள், எண்ணுக்குப் பக்கத்தில் நெற்றிப் பொட்டு அளவில் ஒட்டுப் புள்ளிகள். சிவப்பு என்றால் இவர் விழுந்துவிடுவார், பிடித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் என்றால் சர்க்கரை. பச்சை என்றால் மெல்ல முடியாது, குழைத்துக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் அவரவர் ஃபைலில் டாக்டர் கையெழுத்தோடு இருக்கும். நீலம் எந்த ஃபைலிலும் இருக்காது. நீலப் புள்ளி என்றால், இந்த அறைக்குக் கருப்புத் தோல்காரர்களை அனுப்பாதே என்று அர்த்தம்.

யாரும் அதை இப்படி உடைத்துச் சொல்லவில்லை. நான் பொறுப்பேற்ற அன்று மேனேஜர் சொன்னது இவ்வளவுதான்: “நீலம் இருந்தா, அவங்களுக்குப் பழகின மாதிரி முகமா பார்த்து அனுப்புங்க அக்கா.”

“பழகின மாதிரின்னா?”

“உங்களுக்கே புரியும்.”

புரிந்தது. மூன்று, ஏழு, பதினான்கு ஆகிய மூன்று அறைக்கு அப்போது நீலம் இருந்தது. போன மாதம் ஒன்பதாம் அறைக்கும் வந்தது. நான் கேள்வி கேட்காமல் லிஸ்ட் போட்டேன். அவர்கள் ஊர், அவர்கள் கிழவன் கிழவி, சாகப்போகிற வயதில் அவர்களைத் திருத்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நான்கு அறைகளுக்கு நானும் போனதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரும். அன்று காலையில் மேனேஜரே வந்து நகத்தால் நீலப் புள்ளிகளை உரித்து, தன் டைரியின் பின்னட்டையில் ஒட்டிக்கொள்வார். அவர்கள் போனதும் திரும்ப ஒட்டுவார். போன வருஷம் வந்த அம்மா கண்கொத்திப் பாம்பு. ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் பசைத் தடத்தைப் பார்த்துவிட்டு, “இங்க ஏதோ புள்ளி இருந்திருக்கே?” என்று கேட்டாள்.

“எந்தப் புள்ளி?” என்றார் மேனேஜர். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. நான் பக்கத்தில் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி நெட்டையைப் பற்றி. நெட்டை என்பது நான் மனசுக்குள் வைத்த பெயர். வாசலில் குனிந்துதான் உள்ளே வருவாள், அவ்வளவு உயரம். கடல் தாண்டி வேறொரு கண்டத்திலிருந்து வந்தவள். நான் ஒன்றும் சிவப்பு இல்லை, அவள் என்னைவிட நல்ல கருப்பு. முப்பது வயது இருக்கும். வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எலும்பு நொறுங்கின ஆளையும் வலிக்காமல் புரட்டிவிடுவாள்.

டீ நேரத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு. இருந்த நாடுகளுக்கெல்லாம் மார்க் போடுவோம். எந்த நாடு எவ்வளவு மோசம், பத்துக்கு எத்தனை. என் முதல் நாட்டில் சம்பளமே பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான். ஒரே கட்டில், ஒரே நோயாளி, ஒரே மலச்சட்டி. ஆனால் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரிக்கு என்னைப் போல மூன்று பங்கு. ஏன் என்று கேட்டேன், வேலை போய்விட்டது. “ஒளிவு மறைவு இல்லாம செய்றாங்க, அதுக்கு ரெண்டு மார்க் குறைச்சுக்கோங்க” என்பாள் நெட்டை. எட்டு. இரண்டாவது நாட்டில் யாரும் ஒரு தப்பு வார்த்தை பேசியதில்லை. “எங்க மொழியை எவ்வளவு நல்லா பேசுறீங்க!” என்று ஒன்பது வருஷமும் ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தர்கூட வீட்டுக்குள் கூப்பிடவில்லை. ஏழு. அவள் இருந்த ஒரு நாட்டில் தினமும் ஒரே பஸ் நிறுத்தத்தில் ஒரே போலீஸ்காரன் அவள் பையைச் சோதிப்பானாம்.

“போகப்போக எங்களுக்குள்ள நல்ல பழக்கம் ஆயிடுச்சு. இன்னிக்கு என்ன சாப்பாடுன்னு கேப்பான். ஆனா பையைத் திறக்கச் சொல்றதை மட்டும் விடல” என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். அதற்கு எட்டரை.

ஒருநாள் கேட்டாள்: “உங்க நாட்டுக்கு எத்தனை அக்கா? என்னை மாதிரி ஒருத்தி அங்க வந்தா?”

“எங்க நாட்டுல அதெல்லாம் கிடையாது. வந்தவங்களை உக்காரவச்சுச் சோறு போடுவோம். சைபர்” என்றேன். நாக்கு கூசவில்லை எனக்கு.

“அப்படியா?” என்று புருவத்தைத் தூக்கினாள். டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

போன மாதம் இருபதாம் தேதி மாலை நெட்டை என் மேஜைக்கு வந்து உட்காராமல் நின்றாள். அவளுடைய பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். கடைசி மூன்று மாதமும் மாதத்துக்கு நூற்று நாற்பது மணி நேரம் வேலை பார்த்ததாக இல்லத்திலிருந்து கடிதம் வேண்டும். ஒரு மணி குறைந்தாலும் பர்மிட் கிடையாது. பர்மிட் இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் இரண்டு மாதம் சரியாக இருந்தது. மூன்றாவது மாதம் ஒன்பதாம் அறைக்கும் நீலம் விழுந்ததில் அந்த நேரம் போய்விட்டது. மாதக் கடைசியில் நூற்று இருபத்தெட்டில்தான் நிற்பாள்.

“பன்னிரண்டு மணி நேரம் வேணும் அக்கா. பத்து நாள்தான் இருக்கு.”

மற்ற அறைகளின் நேரமெல்லாம் ஏற்கெனவே மற்றவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. என்னிடம் இருந்தது ஒன்றுதான். பதினோராம் அறை. அது நானே வைத்துக்கொண்டிருந்த அறை. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம். எட்டுக் காலை போனால் பன்னிரண்டு மணி.

பதினோராம் அறையில் இருப்பவர் நம் மனிதர். நாங்கள் ‘ஐயா’ என்போம். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் நன்றாக இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தவர். அவருக்கு நான் சவரம் செய்யும்போது தினமும் ஒரே கதைதான். வந்த புதிதில் முடிவெட்டப் போனாராம். கடைக்காரன் கதவிலேயே நிறுத்தி, உன் தலையைத் தொட்ட கத்தரியை நான் வேறு யார் தலையில் வைப்பேன் என்று கேட்டானாம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கண்ணாடியைப் பார்த்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டாராம். பின்னந்தலை எப்போதும் எலி கடித்த மாதிரியே இருக்குமாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும், எனக்கும் கலங்கும். சில நாள் சோப்பு நுரையோடு இரண்டு பேரும் அழுதிருக்கிறோம்.

அவருடைய மகளும் லேசுப்பட்டவள் இல்லை. ஓர் அலுவலகத்தில் நல்ல வேலை. நிறத்தைக் காரணமாக வைத்துப் பதவி உயர்வு தரவில்லை என்று புகார் கொடுத்து, விடாமல் போராடி, மன்னிப்புக் கடிதமே வாங்கிவிட்டாள். அதைப் படம் எடுத்துப் போனில் வைத்திருக்கிறாள். எனக்கு இரண்டு தடவை காட்டியிருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். என் தங்கை சாதித்தது போல எனக்குப் பெருமை.

அதனால் நெட்டையிடம் சொன்னேன்: “பதினொண்ணை எடுத்துக்கோ. அவர் எங்க ஆளு. பட்டவரு. அங்க உனக்கு ஒரு தொல்லையும் வராது.”

இந்த முட்டாள்தனத்தை வேறு யார் செய்திருப்பார்கள்? இங்கத்து ஆள் ஒருவன் தன் ஆளைப் பற்றி இப்படி உத்தரவாதம் கொடுத்திருக்கவே மாட்டான். நம் ஆளுக்கு மட்டும்தான் நம் ஆள் மேல் இவ்வளவு குருட்டு நம்பிக்கை வரும்.

இருபத்தொன்றாம் தேதி காலை நெட்டை போனாள். வெளியே வந்து, “நல்லபடியா முடிஞ்சது, ஆனா அவர் ஒண்ணும் பேசல” என்றாள். பத்து மணிக்கு நான் எட்டிப் பார்த்தேன். ஐயாவின் கன்னம் மொழுமொழுவென்று இருந்தது. நான் செய்தால் தாடைக்குக் கீழே எப்போதும் நாலு முள் மிச்சம் இருக்கும்.

மத்தியானம் மகள் வந்தாள். என்னைத் தாழ்வாரத்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். யாருக்கும் புரியாத நம் மொழியில்தான் பேசினாள், இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நம்ம ஆளுங்கறதால உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன்க்கா. அந்தப் பொண்ணை அப்பாகிட்ட அனுப்பாதீங்க.”

“ஏன், என்ன பண்ணினா?”

“ஐயோ, ஒண்ணும் பண்ணல. வேலை எல்லாம் சுத்தமாதான் செஞ்சிருக்கா. அப்பாவுக்குத்தான் ஒரு மாதிரியா இருக்காம்.”

“ஒரு மாதிரின்னா?”

“உங்களுக்குத் தெரியாததாக்கா? அந்த ஆளுங்க… அவங்க கையி, அவங்க வாசனை… வயசானவர், பயப்படறார்.” சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “நீலப் புள்ளின்னு ஏதோ இருக்காமே. மேனேஜர்கிட்ட பேசிட்டேன். வச்சுடலாம்னு சொன்னார். உங்க காதுலயும் போட்டு வைக்கலாம்னு…”

என் காது சுட ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பதினோராம் அறைக்குள் போனேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

“ஐயா, நீங்களா சொன்னீங்க?”

“நீ வாம்மா. நீதான் எனக்குச் சரி” என்றார். நல்ல கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டார். “அந்தக் கருப்பி வேணாம். கத்தியை வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறா, எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அவ தொட்ட துண்டைக்கூட மாத்தச் சொல்லிட்டேன்.”

“முடிவெட்டற கடைக்காரன் உங்ககிட்ட என்ன சொன்னான் ஐயா?”

அவருக்குப் புரியாமல் இல்லை. என் விரலை விட்டார்.

“அது வேற, இது வேற” என்றார்.

“அது வேறக்கா” என்றாள் மகளும்.

தினமும் சோப்பு நுரையோடு நான் அழுத அழுகையெல்லாம் அந்த நிமிஷம் என் முகத்திலேயே வந்து அறைந்தது. இவர்கள் பட்டதற்கு நான் அழுதேனே. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த துண்டை அவர் கட்டில் மேல் விட்டெறிந்துவிட்டு வந்தேன்.

மேனேஜர் அதற்குள் புள்ளியை ஒட்டியிருந்தார். பதினொன்றுக்குப் பக்கத்தில் புது நீலம் பளபளவென்று இருந்தது. “இவளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேணும். பர்மிட் போயிடும்” என்று சொன்னேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார். அவருக்கு வருத்தப்பட நன்றாக வரும்.

“நான் என்ன செய்யட்டும் அக்கா? அவங்க சௌகரியம்தானே நமக்கு முக்கியம். அதோட இது உங்க ஆளுங்களே கேட்டது. இனிமே இதெல்லாம் எங்க ஆளுங்க புத்தின்னு யாரும் சொல்ல முடியாது, பாருங்க.” சிரித்தார். அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது கண்ணுக்குத் தெரிந்தது. நான் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் லிஸ்டில் நான் என் வேலையைக் காட்டினேன். நீலப் புள்ளி என்றால் கருப்புத் தோல் உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதானே? என் தோல் என்ன நிறம்? பதினோராம் அறைக்கு இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரைப் போட்டேன். ஒருத்தி அவசரக்காரி, இன்னொருவன் எப்போதும் விசில் அடிப்பவன். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஐயா தண்ணீர் கேட்டால் அவர்களுக்குப் புரியாது, அவ்வளவுதான். ஐயாவுக்கு இந்த ஊர் மொழி ஐம்பது வருஷம் சரளமாக இருந்தது. பக்கவாதம் வந்தபோது அது மொத்தமும் அழிந்துபோய், தமிழ் மட்டும் மிஞ்சியது.

இருபத்திரண்டாம் தேதி அவர் தாடையில் ஒரு வெட்டு. இருபத்துமூன்றாம் தேதி பாதிக் கன்னம்தான் சவரம் ஆகியிருந்தது. “அம்மா… அம்மாடி…” என்று அவர் என்னைக் கூப்பிடுவது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. நான் மேஜையை விட்டு எழவில்லை. கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மத்தியானம் மகள் புயலாக வந்தாள்.

“என்னக்கா இது? ரெண்டு நாளா அப்பா தவிச்சுப் போய்க் கிடக்கார். நீங்க ஏன் போகல?”

“நீலப் புள்ளி வச்சிருக்கே.”

“அது உங்களுக்கு இல்லக்கா!”

“அப்படியா? யாருக்கு?” என்று கேட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் தள்ளினேன். “கருப்பா இருக்கறவங்க வேணாம்னுதான் அந்தப் புள்ளி. நான் கருப்பு. நீங்களும் கருப்பு. நியாயமா பார்த்தா நீங்களே அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது. இல்ல, கருப்புலயும் யாரு வரலாம், யாரு வரக் கூடாதுன்னு இருந்தா எழுதிக் கொடுங்க. உங்க கையால எழுதி, கையெழுத்துப் போடுங்க. உங்க ஆபீஸ்ல வாங்கின கடுதாசிக்குப் பக்கத்துலயே இதையும் படம் எடுத்து வச்சுக்கலாம்.”

அவள் முகம் செத்துப்போயிற்று. பேனாவைத் தொடவில்லை.

“இப்படிப் பேசுவீங்கன்னு நினைக்கவே இல்ல. நம்மாளுன்னு நம்பினேன்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். இருபது வருஷமாக மூன்று நாட்டில் கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கேட்டுவிட்டேன்.

டீ நேரத்தில் நெட்டையிடம் அதை நடித்தே காட்டினேன். தாளைத் தள்ளினது, பேனாவைத் தள்ளினது, அவள் முகம் போன போக்கு, எல்லாம். நெட்டை சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

“நல்ல சண்டை. அதுல என்னோட பன்னிரண்டு மணி நேரம் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

பேனாவைத் தள்ளின பாவனையில் நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டேன்.

“முதல் நாள் ஒண்ணரை மணி பார்த்தேன். இன்னும் ஏழு காலை வேணும். மாசத்துல மிச்சம் இருக்கறது ஏழே நாள். நாளைக்கு நான் அந்த ரூமுக்குள்ள போகலைன்னா கதை முடிஞ்சது. ரெண்டு நாளா நீங்க உங்க ஆளுங்களோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கீங்க. கட்டிலை விட்டு எழ முடியாத கிழவனைத் தண்ணிக்குக் கத்த விடறீங்க. அவருக்கு வலிக்குது, உங்களுக்கு மனசு நிறையுது. எனக்கு?”

“நான் உனக்காகத்தான்…”

“எனக்காக இல்ல.” அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மூணு, ஏழு, பதினாலு. ரெண்டு வருஷமா இருக்கு. இந்த மாசம் ஒன்பது. அதுல போன மணி நேரம்தான் இப்ப எனக்குக் குறையுது. அந்தப் புள்ளிக்கெல்லாம் லிஸ்ட் போட்டது யாரு? நீங்கதான். ஒரு நாளாவது உங்களுக்குக் கோபம் வந்துச்சா? உங்க ஆளு வச்சப்பதான் வந்துச்சு. உங்க மானம் போயிடுச்சேன்னு வந்துச்சு.”

எனக்குக் காது சுடவில்லை.

“என் அண்ணன் உங்க நாட்டுலதான் படிச்சான். மூணு வருஷம்” என்றாள். “வாடகைக்கு வீடு கேட்டு ஒரே தெருவுல பதினேழு வாசல் ஏறி இறங்கியிருக்கான். ஒரு வீட்டுல பிள்ளைங்க அவனைப் பார்த்துக் கத்திக்கிட்டு ஓடினப்ப, அந்த அம்மா பிள்ளைங்களை அதட்டல, அவனைத்தான் அதட்டினாங்க. கடைசியில ஒரு திருட்டு நடந்தப்ப, தெருவே சேர்ந்து அவன் கதவைத் தட்டுச்சு. நீங்க சைபர் போட்டப்ப நான் ஒண்ணும் சொல்லல. உங்ககூட டீ குடிக்கணுமே எனக்கு. இங்க வேற யாரு இருக்கா?”

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊரில் எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஆட்கள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என் அம்மா சொல்லுவாள், நானும் சொல்லியிருக்கிறேன். தெருக்குழாயில் எல்லோரும் பிடித்த பிறகுதான் அவர்கள் பிடிக்க வேண்டும். அவர்களில் ஒருவன் என் குடத்தை ஒருநாள் தூக்கிக் கொடுத்தான் என்பதற்காக அந்தக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஐயா துண்டை மாற்றச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இப்போது புரிந்தது. இதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. மறக்கவில்லை, மார்க் போடும்போது சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எழுந்து பலகைக்குப் போனேன். முதலில் மூன்றாம் எண்ணிலிருந்து நீலத்தை உரித்தேன். பசை பழசாகி நகத்துக்குள் ஏறியது. ஏழு, ஒன்பது, பதினான்கு. பதினொன்று புதுசு, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. டியூட்டி லிஸ்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். யாருக்கு எத்தனை மணி நேரம் குறைகிறது என்பதை மட்டும் பார்த்து எழுதினேன். பதினொன்றுக்கு ஏழு காலையும் நெட்டை. மூன்றாம் அறைக்கு நான்.

நாலரை மணிக்கு மேனேஜர் வந்தார். பலகையைப் பார்த்தார், லிஸ்டைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“அக்கா, புள்ளி எங்க?”

“எந்தப் புள்ளி?” என்றேன்.

அவர் பசைத் தடத்தைக் கையால் காட்டினார், பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

“விளையாடாதீங்க. உங்களை இந்தப் பொறுப்புல இருந்து எடுத்துடுவேன்.”

“எடுங்க. காரணம் என்னன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. எந்தப் புள்ளியை எடுத்தேன், அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம், எல்லாத்தையும் எழுதுங்க. அந்தச் சோதனைக்கு வந்த அம்மா படிக்க ஆசைப்படுவாங்க.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் அறைக் கிழவி முதல் நாள் என் மேல் கஞ்சியைத் துப்பினாள். துடைத்துக்கொண்டு அடுத்த வாய் ஊட்டினேன். ஏழாம் அறைக் கிழவியின் மகன் தன் அம்மாவை வேறு இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

பதினோராம் அறை வாசலில் இருபத்துநாலாம் தேதி காலையில் நான் நின்றேன். நெட்டை சூடான துண்டை ஐயாவின் கன்னத்தில் வைத்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“சொன்னேன்ல உன்கிட்ட, இவ வேணாம்னு!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“இவதான் ஐயா வருவா. இவ இல்லாம நான் மட்டும் வர மாட்டேன். நம்ம பாஷையில தண்ணின்னா என்னன்னு இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், ‘தண்ணி’ன்னு சொல்லுங்க, கொடுப்பா. ரெண்டு நாள் உங்களைத் தவிக்க விட்டது என் தப்பு. அதுக்கு மன்னிச்சுக்கோங்க. இதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

மகள் மேனேஜரிடம் போனாள், அவர் கையை விரித்துவிட்டாராம். என்னிடம் அவள் இன்று வரை பேசுவதில்லை. ஐயா ஆறு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே நெட்டையிடம் சவரம் செய்துகொண்டார். ஏழாம் நாளும் அப்படித்தான். அவர் மனம் மாறினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மாறவில்லை. முடிவெட்டுகிற கடைக் கதையை மட்டும் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி கணக்கு சரியாக நூற்று நாற்பது. கடிதத்தை நானே அடித்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, நெட்டையிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள். நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எதிர்பார்த்ததற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

டீ நேரம். இரண்டு கோப்பையை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். நானே பேச்சை எடுத்தேன்.

“எங்க நாட்டுக்கு நான் போட்ட மார்க்கை மாத்திக்கிறேன். பத்து. பத்துக்குப் பத்து.”

டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“இப்பவும் நீங்கதான் மார்க் போடறீங்க” என்றாள். “மார்க்கெல்லாம் வேணாம் அக்கா. லிஸ்டை ஒழுங்காப் போடுங்க.”